சாக்கெட்டில் ஒரு காலியிடம்

"யக்கா, ஓடியாங்க! இதுல ஒரு எடம் காலியா கெடக்குது!"

வேம்பு கூவிய கூவலில் அஞ்சலாட்சி கையில் கரண்டியோடு ஓடிவந்தாள். ஆடிக் காற்று கடலூர் சாலைப் புழுதியை வாரிக்கொண்டுவந்து முதலியார்பேட்டை வீடுகளுக்குள் கொட்டுகிற மாதம். மனுஷருக்கே மூச்சு முட்டும்போது கம்ப்யூட்டருக்கு முட்டாதா? அதனால் வருஷா வருஷம் ஆடி பிறந்ததும் மூலக்குளத்திலிருந்து வேம்பு சைக்கிளில் வருவான். மேல்மூடியைக் கழற்றி, பெயின்ட் அடிக்கிற பிரஷ்ஷால் உள்ளே தூசு தட்டிக் கொடுப்பான். பாலிடெக்னிக் படித்தவன். டவுனில் கம்ப்யூட்டர் விற்கும் ஒரு கடையில் வேலை. இது எண்பத்தொன்பதாம் வருஷத்து ஆடி.

"எங்க காலி? எதனா கழண்டு வுழுந்துட்டுதா?"

"வுழல. மொதல்லேர்ந்தே இல்ல. தோ பாருங்க."

ஸ்க்ரூடிரைவர் முனையால் காட்டினான். உள்ளே பச்சைப் பலகையில், நீள உடம்பும் இரண்டு பக்கமும் வரிசையாகக் காலுமாக ஒரு கறுப்புச் சிப்பு உட்கார்ந்திருந்தது. அதற்குப் பக்கத்திலேயே அதே நீளத்தில் ஓட்டை ஓட்டையாக ஒரு சாக்கெட். பந்தியில் ஆள் வராத இலை மாதிரி இருந்தது.

"இந்தக் கறுப்புதான் மூளை. பக்கத்துல காலியா இருக்குதே, அது கணக்குக்குன்னே தனியா ஒரு சிப்பு வெக்கற எடம். வெச்சா உங்க பொட்டி பறக்கும்."

"அப்ப இத்தினி நாளா இது அரை மூளையிலயா ஓடிச்சி?"

"முழு மூளைதான்க்கா. ஆனா கணக்க மட்டும் விரல் வுட்டு எண்ணிக்கினு இருந்துது."

அடுப்பில் ரசம் பொங்கி வழிந்த சத்தம் கேட்டது. அஞ்சலாட்சி நகரவில்லை. குனிந்து அந்தக் காலியிடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தினமும் தன் கைபட ஓடுகிற பெட்டிக்குள் இப்படி ஒரு இடம் இருந்தது தனக்கே தெரியாமல் போயிற்றே என்று ஒரு பக்கம் ரோஷம். இன்னொரு பக்கம் 'பறக்கும்' என்று அவன் சொன்ன ஒரு சொல் கிளப்பிவிட்ட ஆசை.

அஞ்சலாட்சியைப் பற்றித் தெருவில் இரண்டு அபிப்பிராயம் உண்டு. துணிச்சல்காரி என்பது ஒன்று. கிறுக்கு என்பது இன்னொன்று. இரண்டுக்கும் காரணம் அந்தப் பெட்டிதான்.

அவள் அப்பா மில்லில் தறி ஓட்டியவர். புருஷன் கலியமூர்த்தி அதே மில்லில் பிட்டர். அவள் மட்டும் டைப்ரைட்டிங் பாஸ் பண்ணி, புஸ்ஸி வீதியில் செருப்பு ஏற்றுமதி செய்த ஒரு கம்பெனிக்கு டைப்பிஸ்டாகப் போனாள். அங்கே கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது தொட்டால் ஷாக் அடிக்கும் என்று மற்றவர்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள். அஞ்சலாட்சி உட்கார்ந்தாள். பிறகு முதலாளி மெட்ராசுக்கே குடிபோக முடிவு செய்து, வேண்டிய சாமானை வேலைக்காரர்களே மலிவாக எடுத்துக்கொள்ளலாம் என்றார். ஒருத்தர் பீரோ எடுத்தார். ஒருத்தர் சுழல் நாற்காலி எடுத்தார். கலியமூர்த்தி வீட்டுக்கு சீலிங் ஃபேன் வரப்போகிறது என்று உத்திரத்தில் கொக்கியே மாட்டி வைத்துவிட்டான். சாயங்காலம் சைக்கிள் ரிக்‌ஷாவில், டி.வி. மாதிரி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, கால்மாட்டில் ஒரு பெட்டியோடும் ஒரு பிரிண்டரோடும் வந்து இறங்கினாள் பெண்டாட்டி.

கொக்கி இன்னும் அப்படியே தொங்குகிறது.

மெட்ராசில் ஒருவர் எழுதி விற்ற ஜாதக புரோகிராமை வாங்கிவந்து, வீட்டு முன்னறையில் 'அஞ்சலாட்சி கம்ப்யூட்டர் ஜாதகம்' என்று போர்டு மாட்டினாள். பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் தட்டினால் கட்டம் போட்டு, நட்சத்திரம், தசை எல்லாம் தாளில் வரும். அதை எடுத்துக்கொண்டு அவரவர் ஜோசியரிடம் போக வேண்டியதுதான். "கணக்குதான் என்னுது, பலன் சொல்றது என் வேலயில்ல" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவாள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் மேரி என்கிற நகராட்சி ஆபீசில் கொடுத்த பழைய பிறப்புச் சீட்டோடு வருகிற பெரியவர்கள் என்றால் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். பிறந்த மணிநேரம்வரை அதில் எழுதியிருக்கும். பள்ளிக்கூடத்தில் கற்ற அரைகுறை பிரெஞ்சு அதைப் படிக்கிற அளவுக்குப் போதும்.

ஆனால் கடை பேர் வாங்கியது கல்யாணப் பொருத்தத்தில்தான். 'அஞ்சலாட்சிகிட்ட பாத்தா கூடிடும்' என்று அரியாங்குப்பம்வரை பேச்சு. இரண்டு ஜாதகத்தையும் கணக்குப் போட்டு, பத்துப் பொருத்தமும் பார்த்து, பிரிண்டர் கரகரவென்று அடித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை இரண்டு வீட்டாரும் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். பெண் 'சும்மா அம்மாவுக்குத் துணைக்கு' வந்திருக்கும். பையன் 'சும்மா சைக்கிள் மிதிக்க' வந்திருப்பான். பெட்டி கணக்குப் போடும்போது திரை கறுப்பாகிவிடும், மூலையில் ஒரு பச்சைக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும். இரண்டு பேரும் ரொம்ப அக்கறையாகக் கம்ப்யூட்டரைப் பார்ப்பார்கள். திரைக் கண்ணாடியில் தெரிகிற மற்றவர் முகத்தைத்தான் பார்க்கிறார்கள் என்பது பெரியவர்களுக்கும் தெரியும். நடுவில் கலியமூர்த்தி முக்குக் கடையிலிருந்து கம்பிக் கூடையில் டீ வாங்கிவருவான். ஷிப்டு இல்லாத நேரத்தில் அது அவன் பொறுப்பு.

இந்த மூன்று வருஷமும் இப்படித்தான் போயிற்று. போன தை மாதம் நேரு வீதியில் ஒருத்தன் கலர் கம்ப்யூட்டரோடு கடை திறந்தான். 'இரண்டே நிமிடத்தில் ஜாதகம்' என்று ஆள் உயரத்துக்கு எழுதிவைத்தான். வைகாசி முகூர்த்தங்களுக்கே அஞ்சலாட்சி வீட்டு பெஞ்சு பாதி நாள் காலி. வரப்போகிற ஆவணியும் இப்படியே போனால் போர்டைக் கழற்றிவிட்டு மறுபடி யாரிடமாவது டைப் அடிக்கப் போக வேண்டியதுதான். அந்த நேரத்தில்தான் வேம்பு மூடியைத் திறந்து காலியிடத்தைக் காட்டினான்.

காட்டியதோடு நிற்கவில்லை.

"ஆனா ஒண்ணு யக்கா. கெழவிக்கு வைர மூக்குத்தி போடறதுக்கு புதுப் பொண்ணையே கொண்டாரலாம். எங்க கடையில எக்ஸ்சேஞ்ச் வந்திருக்குது. பழச குடுத்துட்டு புது மாடல் எடுத்துக்கலாம். கலர் திரை, உள்ளயே ஹார்ட் டிஸ்க், பிளாப்பி மாத்தி மாத்தி போடற வேல இல்ல. நேரு வீதிக்காரன் வெச்சிருக்கறதவிட ஒருபடி மேல. நீங்க 'உம்'முன்னு சொல்லுங்க."

அஞ்சலாட்சி 'உம்' என்றும் சொல்லவில்லை, 'ஊஹூம்' என்றும் சொல்லவில்லை. அன்று மத்தியானம் கலியமூர்த்திக்கு வற்றிப்போன ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"ஏங்க, நம்ம பொட்டியில ஒரு எடம் காலியா இருக்குதாம்."

"எனக்கு அப்பவே தெரியும். வாங்கினவ தலையிலயும் இருக்குது."

"வெளயாடாதீங்க. சிப்பு வாங்கிப் போடறதா, பொட்டியவே மாத்தறதா, இல்ல இருக்கறதோட இருக்கறதா? எனக்கு சோறு எறங்கல."

கலியமூர்த்தி சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தான். மில்லில் அவன் பார்க்கிற ரிங் பிரேம் என்கிற நூல் நூற்கும் மெஷின் வெள்ளைக்காரன் காலத்தது. தேய்ந்த பாகத்தை மாற்றினால் ஓடுகிறது.

"எங்க ஃப்ரேம ஒருத்தன் எக்ஸ்சேஞ்ச் கேட்டா குடுத்துடுவேனா? அது பாட்டுக்கு ஓடுதில்ல?"

"ஓடுது. ஆனா பக்கத்துல ஒருத்தன் பறக்குறானே."

"அப்ப மாத்திடு."

"ஆடியில புதுசு வாங்கலாமா?"

இதுதான் சிக்கல். மற்றவர்கள் ஆடியில் எது வாங்கினாலும் யாரும் கேட்க மாட்டார்கள். ஊருக்கெல்லாம் நாள் நட்சத்திரம் அச்சடித்துக் கொடுப்பவள் ஆடியில் மெஷின் வாங்கினாள் என்று தெரிந்தால் நேரு வீதிக்காரன் தமுக்கு அடிக்காத குறையாகச் சொல்லித் திரிவான். வேம்புவின் கடையிலோ எக்ஸ்சேஞ்ச் ஆடியோடு சரி.

"சிப்பு மட்டும்னா தப்பில்ல" என்றான் கலியமூர்த்தி. "அது புதுசு வாங்கறதுல சேராது. பல்லு கட்டிக்கிற மாதிரி. ஆடியில யாரும் பல்லு கட்டிக்கிறதில்லயா?"

"பல்லு போன எடத்துல கட்டினா பழுது பாக்கறது. இது மொளைக்காத பல்லுங்க. புதுசுலதான் சேரும்."

"அம்மாடி! அப்ப ஒண்ணு செய். பொட்டிக்கே ஒரு ஜாதகம் போட்டுப் பாத்துடு."

கேலிக்குத்தான் சொன்னான். அஞ்சலாட்சி கை கழுவிவிட்டு நேராகப் போய்ப் பெட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். பிறந்த நேரத்தில் சந்தேகமே இல்லை. இந்த வீட்டில் முதல்முதலாக ஸ்விட்சைப் போட்டபோது மில்லில் ராத்திரி ஷிப்டுக்குச் சங்கு ஊதியது. தேதியும் தெரியும். பெட்டி தன் ஜாதகத்தைத்தான் கணிக்கிறோம் என்று தெரியாமல் வழக்கம்போல விரல்விட்டு எண்ணத் தொடங்கியது. கலியமூர்த்தி ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்து வந்தபோது தாள் வந்திருந்தது.

"விருச்சிக ராசி, கேட்ட நட்சத்திரம்" என்று அஞ்சலாட்சி படித்தாள். படிக்கப் படிக்கச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "உங்க நட்சத்திரந்தாங்க. ஏழரைச் சனி நடக்குது."

"அதான் ரெண்டு பேரையும் வெச்சி ஓட்டற."

"கேட்ட கோட்ட கட்டும்பாங்க."

"நானும் கேட்டதான். கட்டினது அந்தக் கொக்கி ஒண்ணுதான்."

இப்படி இழுத்துக்கொண்டே போன விஷயத்துக்கு வேம்புதான் வழி சொன்னான். பதினெட்டாம் பெருக்கு வருகிறதே! ஆடியிலேயே அந்த ஒரு நாள் எதற்கும் நல்ல நாள்தானே! அன்றைக்குக் காலையில் புது மெஷினைக் கொண்டுவந்து வைக்கிறேன், நாள் பூரா ஓட்டிப் பாருங்கள், பிடித்தால் சாயங்காலம் பழசை நான் எடுத்துப் போகிறேன், பிடிக்காவிட்டால் புதுசை எடுத்துப் போகிறேன் என்றான். அஞ்சலாட்சிக்கு அன்றிலிருந்து தரையில் கால் பாவவில்லை.

பதினெட்டாம் பெருக்கன்று விடியலிலேயே எலுமிச்சைச் சோறும் புளிச்சோறும் கிளறி வைத்துவிட்டாள். தாலிக்கு மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு, வாசலில் பெரிய கோலமாகப் போட்டாள். வேம்பு மூன்று சக்கர வண்டியில் புது மெஷினை ஏற்றிவந்தான். தெருவே பின்னால் வந்தது. பழைய பெட்டியைப் பிரிண்டரை விட்டுக் கழற்றி, பக்கத்து முக்காலியில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போர்த்தினாள். போர்த்தும்போது கை ஒரு நொடி தயங்கியது. ஆனால் புது மெஷினின் திரையில் கலர் கலராக எழுத்து தெரிந்ததும் அதெல்லாம் மறந்துபோயிற்று.

"நேரம் பாருங்க!" என்றான் வேம்பு. கலியமூர்த்தியின் ஜாதகத்தைத்தான் முதலில் போட்டார்கள். கணக்குப் போடும்போது திரையில் ஒன்பது கிரகமும் ஒன்பது நிறத்தில் சுற்றின. கலியமூர்த்தி பீடி பற்றவைக்கக் குச்சியை உரசினான். குச்சி அணைவதற்குள் கணக்கு முடிந்து பிரிண்டர் கத்த ஆரம்பித்துவிட்டது.

"யம்மாடியோவ்!" என்று கை தட்டினாள் அஞ்சலாட்சி. ஜன்னலில் நின்ற கூட்டமும் கை தட்டியது. "இனிமே நேரு வீதிக்காரன் போர்ட அழிக்கணும்!"

சாயங்காலம் நாலு மணிவாக்கில் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்த இரண்டு வீட்டார் வந்தார்கள். பெண் வீடு உழவர்கரை. அம்மா பார்வதி, மில்லில் வேலை பார்த்து ரிடையரான அப்பா, சும்மா துணைக்கு வந்த பெண் கமலா. பையன் வீடு நோணாங்குப்பம். அம்மா மணியம்மாள், வெற்றிலை வாயோடு தாய்மாமன், பால் சொசைட்டியில் வேலை பார்க்கும் பையன் தெய்வசிகாமணி. மணியம்மாள் வாசல்படி ஏறும்போதே ஒவ்வொருவரையும் அளந்துகொண்டே வந்தாள். சுலபத்தில் சரி என்று சொல்லிவிடுகிற முகமில்லை அது. அஞ்சலாட்சி கலியமூர்த்தியை டீக்கு அனுப்பிவிட்டு, இரண்டு பேர் தேதியையும் நேரத்தையும் தட்டினாள். புது மெஷினின் வேகத்தைக் காட்ட அவளுக்கு உள்ளங்கை அரித்தது.

"உக்காருங்க, உக்காருங்க. தோ ஆயிடும்."

தட்டினாள். கிரகங்கள் சுற்றின. எல்லாருடைய கண்ணும் அந்த வண்ணத்தில் போயிற்று. பையன் பெண்ணைப் பார்க்கவில்லை, பெண் பையனைப் பார்க்கவில்லை. தாய்மாமன் வெற்றிலையைத் துப்ப வெளியே போய்த் திரும்புவதற்குள் தாள் வந்துவிட்டது. மணியம்மாள் அதை வாங்கி அண்ணனிடம் நீட்டினாள்.

"எத்தினிண்ணே?"

"பத்துக்கு ஆறு."

"ஆறுதானா?"

ஆறு என்பது ஒரு மாதிரியான எண். கூட்ட நினைத்தால் கூட்டலாம், கலைக்க நினைத்தால் கலைக்கலாம். மணியம்மாள் தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "சரி, கலந்துகினு சொல்லி அனுப்பறோம்" என்றாள். சொல்லி அனுப்புவது என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். பார்வதியின் முகம் சுருங்கியது. பஸ் வருகிற நேரம் என்று நோணாங்குப்பத்துக்காரர்கள் எழுந்து நடந்துவிட்டார்கள். பெண் வீட்டாரும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே இறங்கினார்கள்.

கலியமூர்த்தி கம்பிக் கூடையில் டீ டம்ளர்கள் ததும்ப வாசலில் வந்து நின்றபோது முன்னறையில் அஞ்சலாட்சி மட்டும் இருந்தாள்.

"இன்னாடி, எங்க எல்லாரும்?"

"பூட்டாங்க."

"பூட்டாங்களா? டீ குடிக்காமயா? எதனா தோஷமா?"

"இல்லீங்க. ஆறு."

"ஆறா? போன வருஷம் முருங்கப்பாக்கத்துக்காரங்களுக்கு அஞ்சுதான வந்துது? இப்ப அந்தப் பொண்ணு முழுகாம இருக்குது!"

அஞ்சலாட்சிக்கு முதுகில் யாரோ தட்டினாற்போல் இருந்தது. ஆமாம், அஞ்சு வந்து கூடியிருக்கிறது. ஆறு எத்தனையோ கூடியிருக்கிறது. அவள் புரோகிராம் அப்படி ஒன்றும் தாராளமானது இல்லையே. தாள் வருவதற்குள் அந்தப் பெஞ்சுகளில் என்னென்ன நடக்கும் என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. உன் ஊர் எது, உன் சொந்தம் யார், உனக்கு மூட்டு வலியா எனக்கும்தான் என்று ஆரம்பித்து, இரண்டாவது டம்ளர் டீக்குள் 'வாங்க போங்க' போய் 'வா போ' வந்திருக்கும். தாள் வரும்போது அதில் என்ன போட்டிருந்தாலும் யாரும் கலைக்கிற மனசில் இருக்க மாட்டார்கள். கணக்கு விற்கிறோம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஜனங்கள் வாங்கிப்போனது பாதி அந்த முக்கால் மணி நேரத்தை.

"கூடைய கீழ வெக்காதீங்க!" என்று சொல்லிவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள்.

நல்லவேளை, பஸ் இன்னும் வரவில்லை. நிழற்குடையின் ஒரு கோடியில் பெண் வீடு, மறு கோடியில் பையன் வீடு. நடுவில் ஒரு வாழைத்தார்.

"பெரியம்மா, கோச்சிக்காதீங்க" என்று மூச்சு வாங்கினாள் அஞ்சலாட்சி. "புது மெஷின் இன்னிக்குத்தான் வெள்ளோட்டம். பழைய மெஷின்ல ஒரு வாட்டி ஒத்துப் பாக்காம அனுப்பினா எனக்கு மனசு ஆறாது. அதுவுமில்லாம டீ வந்துடுச்சு. பெருக்கு அன்னிக்கு வந்தவங்க ஒரு வாய் குடிக்காம போலாமா?"

மணியம்மாள் கண்ணை இடுக்கினாள். "ஏன், புதுசு பொய் சொல்லுதா?"

"பொய் சொல்லல. கொஞ்சம் அவசரக்குடுக்க."

தாய்மாமன் சிரித்துவிட்டான். அவனுக்கு டீ என்ற வார்த்தையே போதுமாக இருந்தது. "வா மணி. அடுத்த பஸ்ஸுல போலாம்."

துண்டை உருவி, பிரிண்டரைப் பழையபடி மாட்டி, பிளாப்பியைச் செருகி, பழைய பெட்டியை உசுப்பினாள். அது உறுமிக்கொண்டு எழுந்தது. தேதிகளைத் தட்டினாள். திரை கறுத்து, மூலையில் பச்சைக் கோடு மினுக்க ஆரம்பித்தது. டீ உறிஞ்சுகிற சத்தம் மட்டும்தான். அஞ்சலாட்சி இரண்டு பெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தாள். வேலை செய்யுமா, செய்யாதா?

மணியம்மாள்தான் முதலில் அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னாத்துக்கு அந்தக் கொக்கி? தூளி கட்டவா?"

கலியமூர்த்தி இதற்காகவே காத்திருந்தவன்போலத் தொடங்கினான். ஃபேன் வராத கதையை அவன் சொன்னால் கல்லும் சிரிக்கும். ரிக்‌ஷாவிலிருந்து அஞ்சலாட்சி இறங்கிய விதத்தை நடித்தே காட்டினான். "டி.வி.யாச்சும் வாங்கியாந்தாளேன்னு பாத்தேன். போட்டா ஒளியும் ஒலியும் வரல. எனக்கு ராகு எங்க, கேது எங்கன்னு வருது!"

பெண்ணின் அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். "நீங்க மில்லுல எந்த டிபார்ட்மெண்டு?" என்று கேட்டார். அங்கிருந்து பேச்சு மில்லுக்குப் போயிற்று. தாய்மாமனும் ஒரு காலத்தில் அங்கே கேஷுவலாக, தினக்கூலிக்கு, வேலை பார்த்தவனாம்.

"ஒங்க மேஸ்திரி யாரு, அந்தக் காது கேக்காதவரா?"

"அவரேதான்! கேக்காத காதுன்னு நாம திட்டினா மட்டும் கேக்குமே!"

பார்வதியும் மணியம்மாளும் ஒரே பெஞ்சுக்கு எப்போது மாறினார்கள் என்று அஞ்சலாட்சி கவனிக்கவில்லை. கருவாட்டுக் குழம்புக்குக் கத்தரிக்காயா, வாழைக்காயா என்று இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தெய்வசிகாமணி கறுப்புத் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப உள்ள அது இன்னா பண்ணுது?" என்று பொதுவாகக் கேட்டான்.

"கெரகத்த எண்ணுது" என்றாள் அஞ்சலாட்சி.

"சொசைட்டியில பால் அளக்கற மாதிரி போல" என்றாள் கமலா, திரையைப் பார்த்தபடியே. "ஒரு லிட்டருக்கு ஒரு மணி நேரம்."

"எங்க சொசைட்டியில அப்படியெல்லாம் இல்ல!"

"எங்க தெருவுல அப்படித்தான்."

கண்ணாடிக்குள் தெய்வசிகாமணியின் காது சிவப்பது தெரியவில்லை, பச்சைக் கோடுதான் மினுக்கியது. ஆனால் பார்வதி மகளின் தொடையில் கிள்ளியதை அஞ்சலாட்சி பார்த்தாள். கலியமூர்த்தி இரண்டாவது கூடை டீக்குக் கிளம்பினான்.

பிரிண்டர் கரகரவென்று ஆரம்பித்தபோது யாரும் திரும்பக்கூட இல்லை. தாளைக் கிழித்துத் தாய்மாமனிடம் கொடுத்தாள்.

"அதே ஆறுதான்" என்றான் அவன்.

"ஆறா?" என்று மணியம்மாள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னாள். "ஆறுன்னா நல்ல கணக்குதான? முருகனுக்கு மொகம் ஆறு. படைவீடு ஆறு. பார்வதி, நீ சொல்லு, வாழைக்கா போட்டா கொழம்பு கெட்டியாவும்ல?"

அடுத்த பஸ்ஸும் போய்விட்டது. அதற்கடுத்த பஸ்ஸில்தான் கிளம்பினார்கள். ஆவணியில் ஒரு நல்ல நாளாகப் பார்த்து வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வது என்று வாசல்படியில் நின்றே பேசி முடித்தார்கள்.

வேம்பு மூன்று சக்கர வண்டியோடு வந்தபோது துண்டு புது மெஷின் மேல் கிடந்தது.

"இன்னாக்கா, புதுசுக்குத் துண்டு போட்டுட்டீங்க?"

"எடுத்துகினு போயிடு தம்பி. ரொம்ப நல்ல மெஷின்தான். ஆனா எனக்கு இது போதும்."

"நேரு வீதிக்காரன்?"

"அவசரமா வேணுங்கறவன் அங்க போறான். அவனையும் நான் ஏன் வுடணும்? அந்தச் சிப்பு இருக்குதே, அத வாங்கியாந்து காலி எடத்துல போடு. பொறந்த கொழந்தைக்குக் கட்டம், வேலைக்கிப் போறவன் தச புத்தி, அதெல்லாம் சட்டுன்னு வரட்டும்."

வேம்பு தலையைச் சொறிந்தான். இதற்குள் கலியமூர்த்தி நடந்ததையெல்லாம் அவனுக்கு நடித்துக் காட்டிவிட்டான். "சிப்பு போட்டா பொருத்தமும் சட்டுன்னு வந்துடுமேக்கா. அப்ப மறுபடி எழுந்து பூடுவாங்களே?"

"அது நான் பொத்தான அழுத்தினாதான தம்பி ஓடும்?"

வேம்பு சத்தமாகச் சிரித்தான். புது மெஷினை வண்டியில் ஏற்றும்போதும் சிரித்துக்கொண்டே இருந்தான்.

ஆவணி பிறந்து முதல் வளர்பிறையில் சிப்பு வந்தது. பஞ்சாங்கம் பார்த்து நேரம் குறித்தது அஞ்சலாட்சிதான். வேம்பு அதைச் சாக்கெட்டில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினான். நறுக்கென்று ஒரு சத்தம். அஞ்சலாட்சி கண்ணை மூடிக்கொண்டாள். உடைந்துவிட்டதா? கண்ணைத் திறந்தபோது பெட்டி உறுமிக்கொண்டு எழுந்திருந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தையின் ஜாதகத்தைத்தான் முதலில் போட்டாள். கலியமூர்த்தி பீடிக்குத் தீக்குச்சி உரசினான். முதல் குச்சி அணைந்தது, இரண்டாவது அணைந்தது, மூன்றாவதில் பிரிண்டர் கத்தியது.

"மூணு குச்சி!" என்று துள்ளினாள் அஞ்சலாட்சி. "மூணே குச்சிங்க!"

"புதுசவிட ரெண்டு குச்சி ஜாஸ்தி."

"கேட்ட நட்சத்திரம், அப்படித்தான் இருக்கும்."

மறுநாளே பாகூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வீடும் வில்லியனூரிலிருந்து ஒரு வீடும் பொருத்தம் பார்க்க வந்தார்கள். இரண்டு பக்கமும் விறைத்துக்கொண்டு எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அஞ்சலாட்சி தேதிகளைத் தட்டினாள். திரை தயாராக நின்றது. ஒரே ஒரு பொத்தான்தான் பாக்கி. அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னும் ஆரம்பிக்கலயா?" என்றார் பாகூர்ப் பெரியவர்.

"ஆரம்பிக்கும், ஆரம்பிக்கும். எல்லாம் அதது நேரத்துக்குத்தான் ஓடும்" என்றவள் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏங்க! டீ இன்னா ஆச்சி?"

பெரியவர் சலித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தார். அண்ணாந்து பார்த்தார்.

"இது இன்னாத்துக்கும்மா, இந்தக் கொக்கி?"